'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் பேஸ் ஏன் கேட்பதில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்கா 1988-ல் கொண்டுவந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தின் 2018 ரீமாஸ்டர் பதிப்பை நல்ல ஹெட்போனில் கேட்டும், கீழ் ஒலி தரும் பேஸ் கிட்டார் காதில் விழவில்லை. புதிதாக வந்த பேஸ் கலைஞரைப் பிடிக்காமல் மற்றவர்கள் வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? ரீமாஸ்டரிலாவது ஏன் சரிசெய்யவில்லை?

முதலில் சுருக்கமாக. வேண்டுமென்றே குறைத்தார்கள் என்பது உண்மை. பதிவான வாத்தியங்களைக் கலந்து மிக்ஸ் செய்தவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பிடிக்காததால் குறைத்தார்கள் என்ற ஒரே காரணத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மிக்ஸிங் மேசைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பாடல்களில் பேஸுக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. பாட்டைக் கட்டிய விதத்திலும், கிட்டாருக்கு வைத்த ஒலியிலும், பேஸைப் பதிவு செய்த முறையிலும் அது நடந்தது. ஆளை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஆளுக்கு இசையில் ஓர் இடம் ஒதுக்கவில்லை. ஏன் என்று பார்க்க, அந்த நாற்காலியில் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

கிளிஃப் பர்ட்டன் மெட்டாலிக்காவில் சேர்ந்த கதையே அவருடைய இடத்தைச் சொல்லிவிடும். 1982-ல் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிளப்புக்குப் போயிருந்தபோது, டிராமா என்ற குழுவின் மேடையிலிருந்து ஒரு வெறித்தனமான சோலோ கேட்டது. லீட் கிட்டார் வாசிப்பவரைத் தேடிப் பார்த்தால், வாசித்துக்கொண்டிருந்தது பேஸ் கலைஞர். அவரைத் தங்கள் குழுவுக்கு அழைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவர மாட்டேன், நீங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வந்தால் சேர்கிறேன் என்றார் பர்ட்டன். குழு மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனது. ஒரு பேஸ் கலைஞருக்காக ஊரையே மாற்றிய குழு அது.

அவர் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் வாசித்தவர். பேஸை டிஸ்டார்ஷன், வா-வா பெடல் வழியாக விட்டு கிட்டார் போலப் பேசவைத்தார். பாக் முதலான மேற்கத்திய செவ்வியல் இசையில் ஈடுபாடு உண்டு, கல்லூரியில் இசை படித்தவர். கிட்டார்கள் இரண்டும் ஹார்மனியில் நகரும் இடங்களை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று ஹெட்ஃபீல்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். 1984-ல் வந்த 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த ஊளையிடும் இழையைப் பலர் இன்றும் கிட்டார் என்று நினைக்கிறார்கள். அது பேஸ். 1986-ல் வந்த 'ஓரியன்' என்ற வாத்தியப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் தனியே நடக்கத் தொடங்கும் இடம் இருக்கிறதே, அவர் என்ன செய்தார் என்பதற்கு அது ஒன்றே போதும். கிட்டார் வாசிப்பதைத் திரும்ப வாசிக்காமல் பேஸுக்கென்று தனி மெட்டு வைத்துக்கொண்டவர்.

1986 செப்டம்பர் 26 அன்று ஸ்டாக்ஹோமில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு குழு பேருந்தில் கோபன்ஹேகனுக்குக் கிளம்பியது. யார் எந்தப் படுக்கையில் படுப்பது என்று சீட்டெடுத்தார்கள். இஸ்பேட் ஏஸ் பர்ட்டனுக்கு வந்தது. லீட் கிட்டார் கலைஞர் கிர்க் ஹேமட்டின் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 27-ஆம் தேதி அதிகாலையில் தெற்கு ஸ்வீடனில் யுங்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் பேருந்து சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. ஜன்னல் வழியே வெளியே விழுந்த பர்ட்டன் மேல் பேருந்து சாய்ந்தது. வயது 24. சாலையில் பனி உறைந்திருந்தது என்றார் ஓட்டுநர். ஹெட்ஃபீல்ட் அந்தக் குளிரில் சாலையில் நடந்து நடந்து பனியைத் தேடினார். அவர் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

அடுத்து நடந்ததுதான் என் பார்வையில் இந்த ஆல்பத்தின் உண்மையான தொடக்கம். அவர்கள் நிற்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பின்னாளில் பிரைமஸ் குழுவால் பெயர் பெற்ற லெஸ் கிளேபூலும் அதில் ஒருவர். கடைசியில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்து ஃபிளாட்சம் அண்ட் ஜெட்சம் குழுவிலிருந்து ஜேசன் நியூஸ்டெட்டை எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவில் அவருடைய முதல் மேடை. விபத்துக்கும் அந்த மேடைக்கும் இடையே சரியாக ஆறு வாரம். அங்கிருந்து நேராக ஜப்பான். இருபதுகளின் தொடக்கத்திலிருந்த மூன்று பேர், தங்களில் மூத்தவரும் இசையில் வழிகாட்டியுமாக இருந்த ஒருவரை இழந்து ஒன்றரை மாதத்தில் மறுபடி மேடையில் நிற்கிறார்கள். துக்கத்துக்கென்று ஒதுக்கிய நேரம் எதுவும் இல்லை.

அந்தத் துக்கம் போன இடம் புதியவரின் தலை. நியூஸ்டெட் மெட்டாலிக்காவின் வெறிபிடித்த ரசிகர். தன் பழைய குழுவில் பாட்டெழுதி, நிர்வாகமும் பார்த்து, கிட்டத்தட்டத் தலைவராக இருந்தவர். இங்கே வந்ததும் புதுப்பையன் ஆனார். ஓட்டலில் குடித்த பில்லையெல்லாம் அவர் அறைக் கணக்கில் எழுதுவது, அவரைப் பற்றி ஊரெல்லாம் இல்லாததைச் சொல்லி வைப்பது என்று மாதக்கணக்கில் நடந்தது. கேலி என்ற பெயரில் தொடங்கியது, அந்த எல்லையில் நிற்கவில்லை. பர்ட்டன் போன கோபத்தைத்தான் ஜேசன் மேல் இறக்கினோம் என்று அவர்களே பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது வெறும் ரசிகர் வதந்தி இல்லை, அதற்கு அடிப்படை உண்டு.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1987-ல், அதே கேலியும் சீண்டலும் நடந்துகொண்டிருந்த காலத்தில், இதே நான்கு பேர் சேர்ந்து 'கராஜ் டேஸ் ரீ-ரிவிசிட்டட்' என்று ஐந்து பாட்டு கொண்ட ஒரு குறும்பதிவு போட்டார்கள். எல்லாம் மற்றக் குழுக்களின் பாடல்கள், சில நாட்களில் அடித்து முடித்த பதிவு. அதில் நியூஸ்டெட்டின் பேஸ் கணீரென்று கேட்கிறது, அதுவும் நல்ல கரகரப்போடு. வெறுப்பு மட்டுமே காரணமென்றால் அங்கேயும் அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கவில்லை. ஒரே அறையில் நான்கு பேரும் சேர்ந்து, பிறர் எழுதிய பாடலை வாசித்தபோது பேஸுக்கு இடம் தானாகக் கிடைத்தது. தங்கள் சொந்தப் பாடல்களை, பர்ட்டன் இல்லாமல் முதல்முறையாக எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது.

1988 ஜனவரி இறுதியில் லாஸ் ஏஞ்சலஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த டேனிஷ் தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முசன் உடனே வர முடியாததால், கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் ஆல்பத்தைச் செய்த மைக் கிளிங்க்கை வைத்துத் தொடங்கினார்கள். ஒத்துவரவில்லை. அவர் காலத்தில் பதிவான சில டிரம் டிராக்குகள் மட்டும் ஆல்பத்தில் தங்கின. ராஸ்முசன் வந்து சேர்ந்தார். (கிளிங்க் செய்த அந்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் பதிவில் பேஸ் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.)

பாடல்கள் ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் சேர்ந்து கட்டியவை. ஒன்பது பாட்டு, மொத்தம் 65 நிமிடம். தலைப்புப் பாடல் மட்டும் பத்து நிமிடத்தைத் தொடுகிறது. ஒரு பாட்டுக்குள் பத்துப் பதினைந்து ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு), திடீர் திடீரென்று தாளக் கணக்கு மாறுகிறது. கிட்டாரின் வலக்கை எங்கே வெட்டுகிறதோ அங்கேயே காலால் அடிக்கும் கிக் டிரம் விழுகிறது. வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லாமல், ஒரே வெட்டை எல்லோரும் சேர்ந்து வெட்டும் அமைப்பு. முந்தைய ஆல்பங்களில் இந்த இருவரின் கணக்குக்கு நடுவே புகுந்து வேறொரு கோடு போட பர்ட்டன் இருந்தார். இப்போது அந்த மூன்றாவது குரல் இல்லை. நியூஸ்டெட்டுக்கு எழுத்தில் கிடைத்த பங்கு ஒரே ஒரு பாட்டு, தொடக்கப் பாடலான 'பிளாக்கண்ட்'. அதன் முக்கிய ரிஃப் அவர் கொண்டுவந்தது.

இனி ஒலியின் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பாதி விடை இங்கேதான் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் மிகக் கனமான தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். கிட்டாரின் கனமான தந்தி அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே, அதாவது இரண்டு மடங்காக, 82 ஹெர்ட்ஸில். ஆனால் ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை ஒலி மட்டும் வராது, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல் ஒலிகளும் சேர்ந்தே வரும். சாதாரண ஸ்பீக்கரில் பேஸை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த மேல் ஒலிகளை வைத்துத்தான். கிட்டார் வாசிக்கும் அதே ரிஃபை பேஸும் அதே தாளத்தில், ஓர் ஆக்டேவ் கீழே வாசித்தால் அதன் இரண்டு மடங்கு மேல் ஒலி கிட்டாரின் அடிப்படை ஒலி மேலேயே போய் உட்காரும். நான்கு மடங்கு, ஆறு மடங்கு மேல் ஒலிகளும் அப்படியே கிட்டாரின் மேல் ஒலிகள் மேல் உட்காரும். ஒரே வரியை இரண்டு பேர் ஒரே சமயத்தில் சொன்னால் குரல் உயர்ந்தவர் சொன்னது மட்டும் கேட்பது போலத்தான். மிக்ஸிங் செய்பவர்கள் இதை மாஸ்கிங் என்பார்கள். சத்தம் இருக்கும், தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது.

இதற்கு மேல் ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலி. அந்த ஆல்பத்தில் அவர் ஈக்யூவில் (ஒலியின் அடி, நடு, உச்சிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) நடுப்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அடியையும் உச்சியையும் ஏற்றி வைத்திருந்தார். உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு அடிக்கும்போது எழும் அந்த 'தும் தும்' என்ற அடிச்சத்தம் பேஸ் வசிக்க வேண்டிய இடத்திலேயே குடியிருக்கிறது. அப்படிப்பட்ட கிட்டாரை இடமும் வலமுமாகப் பல அடுக்கு வைத்தார்கள். டிரம்மில் கிக்கின் அடிப்பகுதியைக் குறைத்து, தட்டும் 'டிக்' சத்தத்தைத் தூக்கி வைத்தார்கள். ஆக, கீழே இருந்த இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது, தாக்கும் கூர்மையை டிரம் எடுத்துக்கொண்டது. பேஸ் நுழைய எஞ்சியிருந்தது மிகக் குறுகிய சந்து.

நியூஸ்டெட் அந்தக் குறுகிய இடத்தையும் நாடவில்லை, நாட வேண்டும் என்று அவரிடம் சொல்லவும் ஆளில்லை. பர்ட்டன் போல இல்லாமல் பிக் வைத்து வாசிப்பவர், பழைய குழுவில் ஹெட்ஃபீல்ட் பாணிக் கிட்டாரை நிழல் போலத் தொடர்ந்து பழகியவர். தன் பகுதியைப் பதிவு செய்தபோது அறையில் இருந்தது அவரும் உதவிப் பொறியாளர் டோபி ரைட்டும் மட்டும். குழுவில் வேறு யாரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. இந்த இடத்தில் கிட்டாரை விட்டு விலகு, அந்த இடத்தில் கிக்கோடு சேர் என்று வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் வாசித்து முடித்துவிட்டு வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், அதுவும் ஓயாமல் சீண்டப்படுபவர், தைரியமாகத் தனி மெட்டு வைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பாதுகாப்பாகக் கிட்டாரைப் பின்தொடர்ந்தார். வாசிப்பில் குறை இல்லை. அந்த டிராக்குகளைத் தனியாகக் கேட்ட வெகு சிலரில் ஒருவரான ராஸ்முசன் அவற்றை இன்றுவரை மனதாரப் புகழ்கிறார்.

மே மாதம் மிக்ஸிங். நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் பக்கத்திலுள்ள பேர்ஸ்வில் ஸ்டுடியோவில் ஸ்டீவ் தாம்சன், மைக்கேல் பார்பியேரோ இருவரும் செய்தார்கள். ராஸ்முசன் அங்கே இல்லை, நியூஸ்டெட்டும் இல்லை. தாம்சன் பின்னாளில் பேட்டிகளில் சொன்னது இது: உல்ரிக் டிரம்முக்கான ஈக்யூ அமைப்புகளைக் கையோடு கொண்டு வந்திருந்தார், அப்படியே வேண்டும் என்றார். பிறகு பேஸைக் குறைக்கச் சொன்னார். மிக்ஸில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தாம்சன் இறக்கினார். அதற்கும் கீழே இன்னும் ஐந்து டெசிபல் இறக்கச் சொன்னாராம். ஐந்து டெசிபல் என்றால் சிக்னலின் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடும். ஏற்கனவே விளிம்பில் இருந்த ஒன்றை அப்படி இறக்கினால் மிஞ்சுவது நீங்கள் ஹெட்போனில் கேட்டதுதான். தாம்சனுக்கு இது பிடிக்கவில்லை, பழி தன் மேல் விழுந்ததில் இன்னும் வருத்தம் உண்டு. 2009-ல் மெட்டாலிக்கா ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, உல்ரிக்கே தன்னிடம் அந்த ஆல்பத்தில் பேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார் என்றும் சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் தரப்பும் இருக்கிறது. ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் சொல்வது: ஜேசனைப் பழிவாங்க உட்காரவில்லை. பேஸ் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டே ஓடியது, கிட்டாரைத் தூக்கத் தூக்க பேஸ் மறைந்தது. அதோடு காது. மே இறுதியில் வான் ஹேலன், ஸ்கார்பியன்ஸ் குழுக்களோடு மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் சுற்றுப்பயணம் தொடங்கிவிட்டது. மைதான நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு மிக்ஸிங்குக்குப் பறந்து வருவார்கள். அத்தனை சத்தத்தில் நின்று வந்த காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. அதனால் உச்சியைக் கூட்டு, இன்னும் கூட்டு என்றே கேட்கும். ஆல்பம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு மாதிரி காய்ந்து கூர்மையாக ஒலிப்பதற்கு இது ஒரு நம்பத்தகுந்த காரணம். ஆனால் ஐந்து டெசிபல் கதைக்கு இது மட்டும் விடை ஆகாது என்பது என் எண்ணம். களைத்த காது பேஸை மறந்திருக்கலாம், பெயர் சொல்லிக் குறைக்கச் சொல்லாது.

அப்படியானால் என்னதான் நடந்தது? நான் நம்புவது இது. பழிவாங்கும் திட்டம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. பாட்டைக் கட்டிய இருவரும் தங்கள் இரண்டு வாத்தியங்களை மட்டும் கேட்டார்கள், மூன்றாவதைக் காது கொடுத்துக் கேட்க அவர்களுக்கு மனமில்லை. ஏனென்றால் அந்த இடத்திலிருந்து வரும் எந்த ஒலியும் பர்ட்டனுடையது அல்ல என்பதை ஒவ்வொரு நொடியும் நினைவுபடுத்தும். ஹெட்ஃபீல்ட் கிட்டாரைத் தூக்கினார், உல்ரிக் டிரம்மைத் தூக்கினார், அங்கே இல்லாத ஒருவரின் வாத்தியம் கீழே போனது. கிர்க் ஹேமட்டின் சோலோக்கள்கூட இந்த ஆல்பத்தில் அவசரமாகப் பதிவானவைதான். அதிகாரம் முழுக்க அந்த இரண்டு பேர் கையில் இருந்தது.

ஆள் மாறிய மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு, பஹாமாஸில் பதிவு செய்து, அதே ஜூலையில் 'பேக் இன் பிளாக்' கொண்டுவந்தார்கள். அங்கேயும் துக்கம் உண்டு, அவசரம் உண்டு. ஆல்பமே மணியோசையோடுதான் தொடங்குகிறது. ஆனால் பாடகரை யாரும் மறைக்க முடியாது. புதிய குரலை முன்னால் நிறுத்தி, இவர்தான் இனி என்று சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் அவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பேஸ் கலைஞர் விஷயத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினாலும் பாட்டு ஓடும், ஆல்பம் விற்கும். மெட்டாலிக்காவுக்கு அந்த வசதி இருந்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எட்டாவது பாட்டு 'டு லிவ் இஸ் டு டை' கேட்டிருப்பீர்கள். பர்ட்டன் விட்டுப்போன இசைத் துண்டுகளை வைத்துக் கட்டியது, எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒற்றை அக்குஸ்டிக் கிட்டாரில் தொடங்கி, பாறை உருள்வது போன்ற ஒரு மெதுவான ரிஃப் வருகிறது. நடுவே எல்லாம் வடிந்து, மீட்டும் சத்தமே இல்லாமல் கிட்டார் மெல்ல வீங்கி அடங்கும் ஒரு பகுதி. இசை மறுபடி கனத்த பிறகு, முடிவை நெருங்கும்போது ஹெட்ஃபீல்ட் சில வரிகளைப் பாடாமல் பேசுகிறார். மொத்தப் பாட்டில் மனிதக் குரல் அவ்வளவுதான். ஒரு பேஸ் கலைஞருக்கான அஞ்சலி, அதில் பேஸ் கேட்பதில்லை. 'ஓரியன்' நடுவில் பர்ட்டன் தனியே நடந்த மாதிரி ஓர் இடத்தை இங்கே நியூஸ்டெட்டுக்குக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்திருந்தால் இந்தக் குழுவின் அடுத்த பத்து வருடம்கூட வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இடம் இது ஒன்றுதான்.

மற்றபடி, பேஸ் இல்லாததால் ஆல்பம் கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். 'ஒன்' பாட்டின் பின்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் கை, கால், முகம் எல்லாம் இழந்து, உணர்வு மட்டும் மிஞ்சிய சிப்பாயின் கதை. அமைதியாகத் தொடங்கும் பாட்டு போகப் போக இறுகி, ஒரு கட்டத்தில் இரண்டு கிக் டிரம்மும் கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து இயந்திரத் துப்பாக்கி போல ஆறு ஆறாகச் சுடத் தொடங்கும். அந்த இடத்தில் அடிப்பகுதி நிறைந்த கனமான பேஸ் இருந்தால் அந்த வெட்டு மழுங்கியிருக்கும். காற்றே இல்லாத, எதிரொலியே இல்லாத அந்த வறண்ட ஒலி அந்தச் சிப்பாயின் நிலைக்குப் பொருந்துகிறது. திட்டமிட்டு வந்ததோ தானாக அமைந்ததோ, பொருந்துகிறது. நீதித்துறையின் ஊழல், கறுப்புப் பட்டியல், அணுப்போர் அழிவு என்று ஆல்பத்தின் மற்றப் பேசுபொருள்களுக்கும் கதகதப்பு தேவைப்படவில்லை.

கேட்டவர்களும் விலகிப் போகவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது, அங்கே மட்டும் 80 லட்சம் பிரதிக்குச் சான்றிதழ் பெற்றது. 1989 கிராமியில் விருது, மெட்டல் குழு என்று யாரும் கருதாத ஜெத்ரோ டல் என்ற ராக் குழுவுக்குப் போய் அரங்கமே திகைத்தது. அடுத்த வருடம் 'ஒன்' பாட்டுக்கு விருது வந்தது.

சரி, ரீமாஸ்டர் விஷயம். ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். அவற்றை இது இவ்வளவு, அது அவ்வளவு என்று கலந்து இடம், வலம் என இரண்டே தடமாக இறக்குவது மிக்ஸிங். அந்த இரண்டு தட முடிவின் மேல் மொத்தமாக ஒலியளவும் ஈக்யூவும் சரிசெய்வது மாஸ்டரிங். 2018-ல் நடந்தது இரண்டாவது வேலை. 1988-ல் கலந்து முடித்த அதே மிக்ஸைத்தான் மெருகேற்றினார்கள். அதில் கீழ் அலைவரிசையைக் கூட்டினால் பேஸோடு சேர்த்துக் கிட்டாரின் 'தும்'மும் ஏறும், கிக்கும் ஏறும். பேஸை மட்டும் பிடித்து வெளியே இழுக்க முடியாது. அதற்குப் பழைய டேப்புகளிலிருந்து புதிதாக ரீமிக்ஸ் செய்ய வேண்டும். குழு அதை மறுத்துவிட்டது. அது அந்தக் காலத்து ஆவணம், குறையோடு அப்படியே இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. முப்பது வருடம் கழித்து ஃபேடரை ஏற்றி, அன்று எல்லோரும் இணக்கமாக இருந்தோம் என்று காட்டுவதைவிட இது நேர்மையானது. ஆனால் மூல மிக்ஸைத் தொடாமல், கூடவே இன்னொரு மிக்ஸாக வெளியிட்டிருக்கலாமே என்று கேட்டால், கட்டாயம் செய்திருக்கலாம். நியூஸ்டெட்டுக்கு அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.

இணையத்தில் பேஸ் தூக்கலாக இருக்கும் ரசிகர் மிக்ஸ்கள் கிடைக்கின்றன. 2009-ல் வந்த 'கிட்டார் ஹீரோ: மெட்டாலிக்கா' விளையாட்டில் இந்த ஆல்பத்தின் சில பாடல்கள் வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து இடம்பெற்றன. ரசிகர்கள் அதைப் பிரித்தெடுத்துத் தாங்களே கலந்தார்கள். மற்றப் பாடல்களுக்குப் புதிதாகவே பேஸ் வாசித்துச் சேர்த்தவர்கள் உண்டு. அவற்றைக் கேட்டால் ஒன்று தெளிவாகும்: பாட்டு பெரிதாகிறது, கனம் கூடுகிறது, ஆனால் புதிதாக ஒரு மெட்டு வெளிப்படுவதில்லை. நியூஸ்டெட் கிட்டாரைத்தான் பின்தொடர்ந்திருக்கிறார். இடமில்லாமல் போனது எழுதும் கட்டத்திலேயே என்று நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.

அடுத்த ஆல்பத்தில் இதைத் திருத்திக்கொண்டார்கள். பத்து நிமிடப் பாட்டை மேடையில் வாசிக்கும்போது முன்வரிசை கொட்டாவி விடுவதைக் கண்டோம் என்று ஹேமட் சொல்லியிருக்கிறார். 1991-ல் தங்கள் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பத்துக்கு பாப் ராக் என்ற தயாரிப்பாளரை அழைத்தார்கள். அவர் வந்து செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, நியூஸ்டெட்டைக் கிட்டாரிடமிருந்து பிரித்து டிரம்மோடு சேர்த்தது. அதே ஸ்டுடியோ, அதே நான்கு பேர். ஆனால் 'சேட் பட் ட்ரூ' தொடங்கும்போது தரை அதிர்கிறது. 'மை ஃபிரெண்ட் ஆஃப் மிசரி' பேஸிலேயே தொடங்குகிறது, அது நியூஸ்டெட் கொண்டுவந்த மெட்டு. ஆள் பழையவர்தான், இடம்தான் புதிதாகக் கிடைத்தது. இருந்தாலும் உள்ளே இருந்த விரிசல் முழுக்க ஆறவில்லை. 2001 ஜனவரியில் அவர் விலகினார்.

கடைசியாக, உங்கள் ஹெட்போனில் குறை எதுவும் இல்லை. வேறு பதிப்பு தேடி அலையவும் வேண்டாம், எல்லாப் பதிப்பிலும் அதே மிக்ஸ்தான். இந்தப் பாடல்களை பேஸோடு கேட்க வேண்டுமென்றால் 1993-ல் வந்த 'லைவ் ஷிட்: பின்ஜ் அண்ட் பர்ஜ்' தொகுப்பில் உள்ள 1989 சியாட்டில் நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள். 'பிளாக்கண்ட்', 'ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ', தலைப்புப் பாடல், 'ஒன்' நான்கும் அதில் இருக்கின்றன. 'பிளாக்கண்ட்'டிலிருந்து தொடங்குங்கள், அவர் எழுதிய ரிஃபை அவர் கையாலேயே கேட்கலாம். இடையிடையே தொண்டை கிழியக் கத்தி ஹெட்ஃபீல்டுக்குத் துணைக்குரல் கொடுப்பவரும் அவர்தான்.